தனம் கிழிக்காத தாள்

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னோடு சுற்றி வேலை கற்றுக்கொண்ட பெண். இப்போது விருத்தாசலம் முழுக்கக் கள ஆய்வு அவள் பொறுப்பு. நான் அந்த வேலையைக் குடையும் ரப்பர் செருப்புமாகப் பார்த்தேன். அவளுக்கு ஒரு போன் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் ஒரு ஆப் இருக்கிறது.

“அக்கா, ஒரு சந்தேகம். தண்டவாளத்துக்கு அந்தாண்ட பழைய லைன் வூடுங்க இருக்குது இல்ல, அத இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறாங்க. வாடகை உதவிக்கு வெரிபிகேஷன் ஓடுது. கதவுல ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்துல வூட்டுக்காரங்கள நிக்க வெச்சி போட்டோ எடுக்கணும். ஒரு அம்மா நான் ஒட்டுன கையோட அத உரிச்சிக் கிழிச்சிப் போட்டுட்டாங்க. திட்டு வேற. ஸ்டிக்கர் இல்லன்னா தகுதி இல்லைன்னு போடச் சொல்லியிருக்காங்க. போட்டுடவா?”

“பேரு என்னா?”

“தனம். செராமிக் கம்பெனில பினிஷிங் வேலையாம்.”

எனக்குத் தெரிந்த தனம்தான். சந்தேகமே இல்லை.

“போடாத. நான் வரேன். அதுக்குள்ள அந்த பட்டனத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தனம் ஏன் கிழித்தார் என்று சங்கீதாவுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். அதை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. அப்பா செராமிக் சூளையில் வேலை பார்த்தவர். நான் டைப்ரைட்டிங் முடித்து, பரீட்சை எழுதி, வீட்டு வசதிப் பிரிவில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். கடலூரில் பயிற்சி கொடுத்தார்கள். படிவம் நிரப்பவும், டேப் பிடித்து அறை அளக்கவும், அதிகாரி உள்ளே வந்தால் சட்டென்று எழுந்திருக்கவும் கற்றுக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நின்று எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் வேலை இது. ஊரில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குக் குடியிருப்புகள் இருந்தன. கூரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவார்கள். கட்டி முடிக்கும் வரை அங்கிருந்தவர்கள் வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும், அந்த வாடகைக்கு அரசு உதவி செய்யும். யாருக்கு வாடகை உதவி உண்டோ அவருக்குத்தான் புதுக் கட்டடத்திலும் வீடு உண்டு. உதவிக்குத் தகுதி இல்லை என்று நாங்கள் எழுதினால் வாடகையும் போச்சு, வீடும் போச்சு.

இதை இலவசம் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியிருக்கிறவர்களை வெளியே போ என்று சொல்வது நாம். அவர்கள் வீட்டை இடிப்பது நாம். அப்புறம் தலைக்கு மேல் ஒரு கூரைக்கு உதவி செய்வதில் என்ன தர்மப் பிரபுத்தனம் வேண்டியிருக்கிறது?

தகுதிக்கு ரேஷன் கார்டு, கரண்ட் ரசீது, ஆதார் எல்லாம் கேட்போம். ஆனால் முக்கியமான கேள்வி ஒன்றுதான். அந்த வீட்டில் அந்தக் குடும்பம் நிஜமாகவே குடியிருக்கிறதா? கேட்க எளிதாக இருக்கும். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து ஒண்டிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கார்டில் இருந்த ஊரின் மேல் இப்போது சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு நிற்கிறது. இருக்கிற இடத்துக்குக் கார்டு இல்லை, கார்டு இருக்கிற இடத்தில் ஊர் இல்லை. அவர்களுக்கும் தகுதி இல்லை என்றுதான் எழுதச் சொன்னார்கள்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி கனகசபை சார். அவரைப் பற்றி நியாயமாகத்தான் எழுத வேண்டும்.

முழுக்கை வெள்ளைச் சட்டை, மேல் பையில் பச்சை மை பேனா. எந்த நாற்காலியிலும் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். குரல் உயர்த்த மாட்டார். ஆபீஸ் கூட்டுகிற ஆயாவிலிருந்து கலெக்டர் ஆபீஸ் டைப்பிஸ்ட் வரைக்கும் எல்லாப் பெண்களும் அவருக்கு ‘அம்மா’தான். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

ஆள் கெட்டிக்காரர். நான் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்கு ஆய்வுக்குப் போனோம். வீட்டுக்காரர் பெண்ணாடத்தில் கரும்பு லோடு எடுக்கிறவர், சொந்த வீடு அங்கேயே இருந்தது. இந்த வீட்டை யாருக்கோ உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஆய்வு என்றதும் அவர்களை அப்புறப்படுத்திவிட்டுப் பெண்டாட்டியோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்று சத்தியம் செய்தார். சார் மறுத்துப் பேசவே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, “வெயிலு ஜாஸ்தி. ஒரு வாய் டீ போடுங்கம்மா” என்றார்.

எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் டீ கேட்கிறாரே என்று நான் வாயைப் பிளந்தேன். அந்த அம்மா உள்ளே போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினார். மிளகாய்த்தூள் வந்தது, உளுந்து வந்தது, சர்க்கரை வரவில்லை. கடைசியில் அடுப்பைப் பற்றவைக்க எந்தப் பக்கம் திருகுவது என்று புருஷனைக் கேட்டார். சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு நான் அவரை மனசுக்குள் கும்பிட்டேன்.

டீ விஷயம் பரவிவிட்டது. அப்புறம் யாரும் வந்து உட்காரவில்லை. வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தார்கள், வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று. நிஜமாகவே வேலைக்குப் போனவர்களும் உண்டு, ஊரிலேயே இல்லாதவர்களும் உண்டு. பூட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் சார் அந்தத் தாளைக் கொண்டுவந்தார்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் மைதா மாவைக் காய்ச்சிப் பசை எடுப்போம். எறும்பும் கரப்பானும் அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். வெள்ளைத்தாளை நீளவாக்கில் பட்டையாக நறுக்குவோம். பூட்டிய வீட்டில் பூட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே, பாதி கதவிலும் பாதி நிலையிலும் விழுகிற மாதிரி அந்தப் பட்டையை ஒட்டுவோம். நடுவில் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு, பாதி வட்டம் கதவில், பாதி வட்டம் நிலைப்பக்கம். அதன் மேல் சார் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்ப்போம். தாள் கிழிந்திருந்தால் ஆள் வந்து போகிறார்கள், குடியிருக்கிறார்கள். கிழியாமல் இருந்தால் யாரும் இல்லை.

எந்த அரசாணையிலும் இது கிடையாது. சாருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

முதல் நாளே எனக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. தாளில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டாம்பும் கையெழுத்தும் மட்டும். வீட்டுக்காரர் வந்தால் என்ன நினைப்பார்? “வந்தா கிழிச்சிட்டு உள்ள போகலாம்னு பக்கத்து வூட்டுல சொல்லிடலாமா சார்?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதும்மா. சொன்னா பக்கத்து வூட்டுக்காரனே வந்து கிழிச்சிடுவான். அப்புறம் இந்தத் தாளுக்கு என்னாம்மா மரியாதை?”

அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் நான் போன இடத்திலெல்லாம், அவர் படியிறங்கின பிறகு, பக்கத்து வீட்டில் காதோடு சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

கார்த்திகைக்கு முந்தின வாரம் என்னைக் கடலூருக்குக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரின் பெரிய அடுக்குக் குடியிருப்பில் ஆய்வு நடந்தது. நான் இல்லாததால் சார் பியூனை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய வீடுகளில் தாள் ஒட்டிவிட்டு வந்தார்.

கார்த்திகைக்கு முன்னால் விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்கிறவர் வீடு பூட்டித்தான் இருக்கும். இது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அகல் விளக்கு ஆர்டர் குவிந்து கிடக்கும். களிமண் கரைசலை அச்சில் ஊற்றுகிறவர்கள், எடுத்த விளக்கை ஈரப் பஞ்சால் தேய்த்து விளிம்பைச் சரிசெய்கிற பெண்கள், சூளையில் அடுக்குகிறவர்கள் என்று எல்லோரும் விடிய எழுந்து போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பொங்கலுக்குக் கரும்பு வெட்டப் போயிருக்கிறவனைத் தேடி வீட்டுக்குப் போவது போலத்தான் அந்த வாரத்தில் அங்கே ஆய்வுக்குப் போவது.

தனம் இரண்டாவது மாடியில் இருந்தார். அந்த வீடு அவர் அம்மா பேரில் இருந்து அவர் பேருக்கு வந்தது. புருஷன் லாரி ஓட்டப் போனவர், வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். ஒரே பெண் வெண்ணிலா, பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தனத்துக்குப் பஞ்சு பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று ஊறிப்போயிருக்கும். அவரைப் போலக் குடியிருந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. பிறந்ததே அந்த வீட்டில்தான்.

மூன்றாம் நாள் நான் ஊர் திரும்பினேன். தாள்களைப் பார்க்கச் சாரோடு போனேன். நல்ல மழை. முதல் மாடியில் எல்லா வீட்டிலும் தாள் கிழிந்து தொங்கியது. சார் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடியில் ஜெயா என்கிற பெண் வீட்டிலும் கிழிந்திருந்தது. அதற்கு அடுத்தது தனம் வீடு.

வாசலில் தனமும் வெண்ணிலாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. தாளுக்கு மேலே ஒரு ஆணி அடித்து, விளக்கு கட்டுகிற பாலித்தீன் கவரைத் தொங்கவிட்டிருந்தார் தனம். சாரல் படாமல் இருக்கத்தான். அவரே கவரை விலக்கிக் காட்டினார். தாள் புதுசு போல இருந்தது. பச்சைக் கையெழுத்து கொஞ்சம்கூட ஊறவில்லை.

“பத்தரமா இருக்குதுங்க சார்” என்றார், சிரித்த முகமாக. “ஒரு கை படல. புள்ளைங்க நோண்டுச்சிங்க, வெரட்டி உட்டேன்.”

“நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்று நான் கேட்டேன்.

“ஜெயா வூட்லதான் மேடம் படுத்துக்கினோம். நேத்து ஆபீஸுக்குக்கூட வந்தேன், தொறக்கலாமான்னு கேக்க. சார் கேம்புன்னு வாட்ச்மேன் சொன்னாரு. பாப்பாவுக்குத்தான் மத்த பாடத்துப் புஸ்தகமெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சி, டீச்சர் வெளிய நிக்க வெச்சிட்டாங்க. பரவால்ல.”

ஜெயா தன் வாசலில் இருந்து கத்தினாள். “கிழிச்சிட்டுப் போடின்னு தலபாடா அடிச்சிக்கினேன் மேடம். கேட்டாளா? நான் ஜெயிலுக்குப் போவேன்னு எனக்கே புத்தி சொல்றா!”

தனத்துக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை. அவர் முன்னால் வேலை பார்த்த கம்பெனியை ஏதோ கோர்ட்டு வழக்கில் சீல் வைத்தார்கள். கூட வேலை செய்த ஒருவர் உள்ளே விட்டுவிட்ட டிபன் கேரியரை எடுக்க அந்தத் தாளைக் கிழித்தார். போலீஸ் வந்து எல்லோர் எதிரிலும் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அரசாங்கம் கதவில் ஒட்டிய தாளைத் தொடக் கூடாது என்று அன்றைக்குத் தனம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்ததும் நாம்தான்.

சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தாளை ஒரு தடவை விரலால் நீவிப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: ‘குடியிருப்பில் இல்லை’.

“நல்லதும்மா” என்றார் தனத்திடம்.

தனம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த முகம் ஞாபகம் வந்தால் கையில் இருப்பதை எறிந்து உடைக்கலாம் போலிருக்கும்.

“இப்ப தொறக்கலாங்களா சார்?”

சார் கட்டை விரல் நகத்தால் தாளை ஒரே இழுப்பில் கிழித்தார், கல்யாணப் பத்திரிகைக் கவரைப் பிரிப்பது போல. “தொறங்கம்மா.”

கதவு திறந்ததும் புளித்த வாடை குப்பென்று வந்தது. ஆட்டி வைத்த இட்லி மாவு பொங்கி, குண்டான் மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. கொடியில் பள்ளிக்கூடத்துத் தாவணி. ஜன்னலோரம் வெண்ணிலாவின் புத்தகங்கள், நடுவில் பென்சில் வைத்து மூடியபடி ஒன்று. சாமி படத்துக்கு முன்னால் வாடின பூ.

“சார், உள்ள பாருங்க” என்றேன்.

அவர் செருப்பில் மாவு படாமல் ஒரு எட்டு பின்னால் போனார். “உள்ள பார்க்க வேண்டிய அவசியம் இல்லம்மா. அதுக்குத்தான வெளிய ஒட்டறோம்.”

ஆபீஸுக்கு வந்ததும் நான் அவர் அறைக்குப் போனேன். அவரிடம் நான் அதுவரைக்கும் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். பியூன் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

“அவங்க உங்க கையெழுத்துக்கு மரியாத குடுத்தாங்க சார். அதுக்கா தண்டன?”

“உக்காருங்கம்மா. டீ சாப்புடறீங்களா?”

“டீ வேணாம். தாள் கிழியலன்னா ஆள் இல்லன்னு எந்த ரூல்ல இருக்குது? நீங்க வெச்சதுதான?”

“நான் வெச்சதுதான். அதனாலதாம்மா நானே மீற முடியாது.” அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “இந்த அம்மாவுக்கு ஒண்ணு மாத்தினா, நாளைக்கு ஊர்ல இல்லாதவன் எல்லாம் பாலித்தீன் கவரோட வந்து நிப்பான். யார் நிஜம், யார் நடிப்புன்னு நீங்க சொல்வீங்களா?”

“சொல்வேன் சார். நீங்களும் சொல்வீங்க. அன்னிக்கி டீ கேட்டுக் கண்டுபுடிச்சீங்களே, அந்தக் கண்ணு எங்க போச்சி?”

அவர் மேஜையில் இருந்த அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாள் வந்த பிறகு அவர் மனிதர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பார்க்கிற சிரமம் இல்லாமல் நேர்மையாக இருக்க ஒரு வழி கிடைத்தால் எந்த அதிகாரி விடுவார்?

நான் தனி அறிக்கை எழுதினேன். மாவிலிருந்து புத்தகம் வரைக்கும் பார்த்ததை எல்லாம் எழுதினேன். சார் அதைத் தடுக்கவில்லை, ‘கள ஆய்வாளரின் சொந்தக் கருத்து’ என்று பச்சை மையில் எழுதி மேலே அனுப்பினார். மேல்முறையீட்டுக்குக் கடலூரில் தேதி கொடுத்தார்கள். தனம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

விசாரித்தவர் சின்ன வயசுக்காரர். கோப்பைப் புரட்டிவிட்டு, “தாள் ஒட்டியிருந்தா கிழிச்சிட்டு உள்ள போக வேண்டியதுதானேம்மா? உங்க வீடுதானே?” என்று கேட்டார்.

தனம் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு சொன்னார். “கவருமெண்டு ஒட்டுனத நான் எப்பிடிங்க சார் கிழிப்பேன்?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. ஏதோ குழந்தை பேசியதைக் கேட்டது போல. அந்த அதிகாரியும் சிரித்தார். தனமும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், காரியம் ஆகிவிடும் என்று. நான் எழுந்து, “அந்தத் தாளில் கிழிக்கலாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்ததா சார்?” என்று கேட்டேன். நீங்கள் எந்த முறையில் இங்கே பேசுகிறீர்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

உத்தரவு வந்தது. கள ஆய்வு அறிக்கையை ஏற்று மனு தள்ளுபடி. ஒரு வரிதான்.

அதை எடுத்துக்கொண்டு தனம் ஆபீஸுக்கு வந்தார், வெண்ணிலாவும் கூட வந்தாள். எனக்கு எதிரே உட்காராமல் நின்றார்கள்.

“மேடம், அந்தத் தாள கிழிச்சிருந்தா எனக்கு வூடு கெடச்சிருக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “கெடச்சிருக்கும் தனம்.”

அவர் அழவில்லை. மகளைப் பார்த்தார். ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். மற்ற குடும்பங்கள் வாடகை உதவியோடு வீடு பார்த்துப் போயின. கட்டடத்தை இடித்தார்கள், கட்டினார்கள், ஜெயா புது வீட்டில் பால் காய்ச்சினாள். தனம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் ஓடு போட்ட லைன் வீட்டுக்குப் போனார் என்று ஜெயாதான் சொன்னாள். வெண்ணிலா பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டாள், அதே கம்பெனியில் பஞ்சு பிடிக்கப் போனாள் என்றும் சொன்னாள்.

சார் ஓய்வு பெற்றபோது மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். நேர்மை நேர்மை என்று எல்லோரும் மைக்கில் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். “சார் தாளை ரொம்ப நம்பினார்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள். சார் மட்டும் கைதட்டவில்லை. இலையில் வைத்த ஜாங்கிரியை நான் தொடவில்லை.

இந்தக் கோபத்தை அடைகாத்துக்கொண்டுதான் போன மாதம் சங்கீதாவின் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டினோம். லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவிலும் கட்டம் கட்டமாகக் கறுப்பு க்யூஆர் குறி போட்ட ஸ்டிக்கர் பளபளத்தது. ஒரு கதவில் மட்டும் உரித்த பசையின் தடம் இருந்தது.

தனம் வெளியே வந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. விரல் நுனி அப்படியே வெள்ளையாக இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“பிலோ மேடமா? இன்னும் இதுலதான் இருக்கீங்களா?”

“ரிட்டையர் ஆயிட்டேன் தனம்.”

“நல்லது” என்றார். அதில் வரவேற்பு இல்லை. அது கிடைக்காததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

சங்கீதா பக்குவமாகச் சொன்னாள். “அம்மா, இந்த ஸ்டிக்கர் இருந்தாதாம்மா உங்களுக்கு வாடக பணம் வரும், புது வூடும் வரும். கிழிச்சா இங்க யாரும் இல்லன்னு ஆயிடும்.”

தனத்தின் குரல் எழும்பியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப கிழிக்கல, நீ இல்லன்னீங்க. இப்ப கிழிச்சேன், இல்லங்கறீங்க. நான் என்னாதான் பண்ணா இருக்கறேன்னு ஒத்துக்குவீங்க? இதோ நிக்கறனே, இது கண்ணுக்குத் தெரியலியா? அப்ப எம்பொண்ணு பத்தாவது. இப்ப அவளுக்குப் பொண்ணு இருக்குது. இன்னும் நான் இருக்கறனா இல்லியான்னு கதவக் கேட்டுக்கினு வரீங்க!”

சங்கீதா என்னைப் பார்த்தாள். தனம் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் மேலே இருந்தவர்களிடம் கேட்டேன். “இன்னொரு ஸ்டிக்கர் இருக்குதா?” என்று மட்டும் சங்கீதாவிடம் கேட்டேன். அவள் பையிலிருந்து எடுத்தாள். கதவில் ஒட்டப் போனாள்.

தனம் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பின்பக்கத் தாளை உரித்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தன் நெஞ்சின் மேல் ஒட்டி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார், விளக்கு விளிம்பைத் தேய்க்கிற அதே அழுத்தத்தில். கதவில் சாய்ந்து நின்றார்.

“இந்தக் கதவ நாளைக்கு இடிச்சிடுவீங்க. நான்தான் இருப்பேன். எடும்மா போட்டோ.”

சங்கீதா போனை உயர்த்தினாள். எடுத்தாள். போன் கொஞ்சம் யோசித்தது. அதற்குக் கதவு எது, மனுஷி எது என்று தெரியாது, கறுப்புக் கட்டம் போதும். பச்சையாக ஒரு டிக் வந்தது.

“அம்மா, ஓகே ஆயிடுச்சிம்மா! தகுதி இருக்குதுன்னு வந்துடுச்சி” என்று சங்கீதா குதித்தாள்.

தனம் அந்தப் போனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஸ்டிக்கரை எடுக்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.